முதல் பாதைக்கு வந்து சேருங்கள்

2008 மே 10, சனிக்கிழமை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. வாசலில் இருந்து தள்ளி ஒரு வேப்பமர நிழலில் நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. வாக்களித்துவிட்டு வந்த ஆச்சி ஒருவர் எங்களைக் கண்டதும் நின்றார். விரலில் மை இன்னும் காயவில்லை. "வீடு இல்லையே மனே" என்றார். எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது, ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. "வெத்தில இருக்கு, ஆன இருக்கு, வேற என்னென்னவோ இருக்கு. வீட்ட மட்டும் காணல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தரம் தேடின நான். முதலே ஒருத்தரும் சொல்லல்லயே" என்றார்.

அவர் எதற்குப் புள்ளடி போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயல் வரம்பில் இறங்கி நடந்து போனார். கிழக்கு மாகாண சபைக்கு மட்டும் என்று நடந்த முதல் தேர்தல் அது. அந்தச் சீட்டில் வீட்டுச் சின்னம் இல்லை, ஏனென்றால் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவில்லை. ஏன் போட்டியிடவில்லை என்பதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த ஆச்சிக்கு அன்றைக்குத் தேடிப் பார்க்க ஒரு சீட்டாவது கையில் இருந்தது. அவருடைய பேரப்பிள்ளைக்கு அதுகூட இல்லை.

2012 செப்டெம்பர் 8ஆம் திகதிக்குப் பிறகு கிழக்கில் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. அன்று தெரிவான சபை 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு காலாவதியானது. எட்டு வருடங்களுக்கு மேலாகிறது. வாவியின் இரு கரைகளிலும் இன்று முப்பது வயதில் இருக்கிற ஒருவர், கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளைப் பெற்று முதல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட ஒருவர், மாகாண சபை வாக்குச்சீட்டைக் கையில் பிடித்ததே கிடையாது. அது என்ன நிறம், எவ்வளவு நீளம் என்று கேட்டால் தெரியாது. ஒரு மாகாணத்தின் ஒரு தலைமுறையிடமிருந்து ஒரு வாக்குரிமையை அப்படியே பறித்தாயிற்று. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு சுவரொட்டி கிழியவில்லை.

எப்படிப் பறித்தார்கள் என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டியது எங்களுடைய முதல் வேலை. பலருக்கு இது தெரியாது. "காசு இல்லையாம், அதால தேர்தல் இல்லையாம்" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது வேறு. 2017 செப்டெம்பரில் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. 17ஆம் இலக்கச் சட்டம். பழைய விகிதாசார முறை போய், பாதி உறுப்பினர் தொகுதி வழியாகவும் பாதி விகிதாசாரம் வழியாகவும் வருகிற கலப்பு முறை வந்தது. தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை பிரிக்க முன்னாள் நில அளவையாளர் நாயகம் தவலிங்கம் தலைமையில் ஒரு குழு வேலை செய்து அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சர்கூட எதிர்த்துத்தான் வாக்களித்தார். அதற்குப் பிறகு பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு இரண்டு மாதத்துக்குள் திருத்திய அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கை வரவே இல்லை. 2019இல் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார்கள். சட்டத்தைத் திருத்தாமல் பழைய முறையில் தேர்தல் வைக்க முடியாது என்று பதில் வந்தது. ஆக, புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. இரண்டு கதவையும் பூட்டித் திறப்பைத் தங்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் திறப்பை எடுக்க ஒரு பக்கத்தில் அடங்கும் ஒரு சட்டமூலம் போதும். 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தேர்தல் சட்டம் இருந்தபடியே ஒரு தடவையாவது நடத்தலாம் என்று ஒரு திருத்தம். சுமந்திரன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் தனிநபர் சட்டமூலமாக இதைக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. 2024இல் தேசிய மக்கள் சக்தி தன் கொள்கைப் பிரகடனத்தில் மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்று எழுதியது. 225இல் 159 ஆசனத்தை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பக்கச் சட்டமூலம் பெரிய காரியமா? அந்த ஒரு வருடம் வந்தது, போனது. நாங்கள் சும்மா இருந்தோம். தோழர்களே, அதை நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவர்கள் மறந்தது அவர்களுக்கு வசதி. நாங்கள் மறந்தது எதற்காக?

"அந்தச் சபை இருந்தென்ன, இல்லாமல் போயென்ன? அதிகாரம் இல்லாத சபைதானே" என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டு சொல்லச் சுகமான வசனம் இது. அதைச் சொல்கிறவரை மாரிக்குள் ஒருநாள் வயல் பக்கம் கூட்டிப்போக வேண்டும்.

பெரும்போக வெள்ளாமை ஒரு முழம் வளர்ந்திருக்கிற நேரம். மூன்று நாள் விடாமல் மழை. குளங்கள் எல்லாம் வான் பாயும். 56 கிலோமீட்டர் நீளமான வாவி நிறைந்து, தண்ணீர் வட்டைக்குள் ஏறும். அந்த நேரம் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குள் தண்ணீரை விட்டால் வயல் தப்பும். ஆனால் வெட்டுகிற நேரம் பிழைத்தால் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போய்விடும். உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். வாவியை நம்பித் தோணி ஓட்டுகிறவருக்கு அடுத்த மாதங்கள் பட்டினி. வயல்காரர் வெட்டு என்பார். மீன்காரர் பொறு என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு வருடம் இந்தப் பிரச்சினையில் நானும் போயிருந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டவிதானை ஒருவர் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு அலுவலகமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம் என்றார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அவர் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "ஆரக் கேக்கிற தம்பி?" என்றார். தண்ணீருக்கு மேலே அப்போது நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குத்தான் மாகாண சபை. சிறு நீர்ப்பாசனம், விவசாயம், கால்நடை, மாகாணப் பாடசாலை, பிரதேச வைத்தியசாலை, மாகாண வீதி எல்லாம் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்கு உரியவை. சபை இல்லாத இந்த எட்டு வருடத்தில் இவை இல்லாமல் போகவில்லை. திருகோணமலையில் ஜனாதிபதி நியமித்த ஆளுநர் ஒருவரின் கையொப்பத்தில் எல்லாம் நடக்கின்றன. ஆளுநர் நல்லவராக இருக்கலாம், கெட்டவராக இருக்கலாம். அவரை நாங்கள் அனுப்பவில்லை, நாங்கள் திருப்பி அழைக்கவும் முடியாது. ஜனாதிபதி மாறினால் ஆளுநர் மாறுவார், இங்கே ஒருவரிடமும் கேட்பதில்லை. இத்தனை வருடத்தில் இந்த மாகாணத்துக்கென்று ஒரு நியதிச்சட்டம் இயற்ற ஆளில்லை. வரவுசெலவை விவாதிக்க ஒரு வாய் இல்லை. படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியரை நியமித்து மூன்று மாதத்தில் இடமாற்றம் கொடுத்தால், ஏன் என்று எழுந்து நின்று கேட்க ஒரு கதிரை இல்லை.

மயிலத்தமடு, மாதவனையை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாகப் பட்டி மேய்த்த தரை. 2023 செப்டெம்பரில் அதைத் திருப்பிக் கேட்டுச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். சுட்டும் வெட்டியும் சாகடித்த மாடுகளின் படங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள்கணக்காக, மாதக்கணக்காக உட்கார்ந்தார்கள். அங்கே மகாவலி அதிகாரசபையின் கை இருக்கிறது, அது கொழும்பின் கை. மாகாண சபை இருந்தால் மறுநாளே மேய்ச்சல் தரை வந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். காணி அதிகாரத்தைத் தாளில் கொடுத்துக் கையில் கொடுக்கவில்லை. தேசியக் காணி ஆணைக்குழுவை இன்றுவரை அமைக்கவில்லை. ஆனால் முப்பத்தேழு பேர் கொண்ட ஒரு சபை, மூன்று சமூகமும் உட்கார்ந்திருக்கிற ஒரு சபை, அந்தத் தரை பட்டிக்காரருக்கு உரியது என்று தீர்மானம் எடுத்திருந்தால் அந்தக் கொட்டிலுக்குள் இருந்தவர்கள் தனித்துப் போயிருக்க மாட்டார்கள்.

இனி, பிறகு சொல்கிறேன் என்று நான் விட்ட விடயத்துக்கு வருகிறேன். இது எங்களுக்கு நோகும். நோகத்தான் வேண்டும்.

போட்டி இல்லாத தேர்தல் எங்களுக்குப் புதிதல்ல. 1988 நவம்பர் 19ஆம் திகதி இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல். இந்திய இராணுவம் தெருவில் நின்றது. விடுதலைப் புலிகள் தேர்தலை எதிர்த்தார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. வடக்கில் வாக்களிப்பே இல்லை. ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியும் ஈ.என்.டி.எல்.எப்.பும் ஆசனங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள, எல்லோரும் போட்டியின்றித் தெரிவானார்கள். கிழக்கில் மட்டும் பெட்டி வைத்தார்கள். இங்கே முஸ்லிம் காங்கிரஸ் எதிரே நின்றது. 17 ஆசனம் எடுத்தது. எழுபத்தொரு பேர் கொண்ட சபை, வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். பதினைந்து மாதத்தில், இந்திய இராணுவம் கப்பல் ஏறும்போதே, அந்தச் சபையும் போய்ச் சேர்ந்தது. வாக்குப் போடாத மக்கள் அதைக் காப்பாற்ற வரவில்லை. ஏன் வருவார்கள்?

இருபது வருடம் கழித்து, 2008 மார்ச் 10. மட்டக்களப்பு மாநகர சபைக்கும் எட்டுப் பிரதேச சபைகளுக்கும் தேர்தல். 1994க்குப் பிறகு இந்த மக்கள் கண்ட முதல் உள்ளூராட்சித் தேர்தல் அது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நிற்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியும் நிற்கவில்லை. எட்டுப் பிரதேச சபைகளையும் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி எடுத்தது, மாநகர சபையை அரசாங்கக் கூட்டணி எடுத்தது. இரண்டு மாதம் கழித்து இருவரும் வெற்றிலைச் சின்னத்தில் ஒன்றாக வந்தார்கள். மாகாண சபையில் 37இல் 20. ஐக்கிய தேசியக் கட்சிக்கு முஸ்லிம் காங்கிரசையும் சேர்த்து 15. மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று ஜே.வி.பி.க்கு, ஒன்று தமிழ் ஜனநாயகத் தேசியக் கூட்டமைப்புக்கு. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார்.

அந்த நேரம் போட்டியிடாதவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தை நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியாள் பேராலயத்துக்குள் சுட்டுக் கொன்று மூன்று வருடம்கூட ஆகவில்லை. புலிகளிடமிருந்த குடும்பிமலை இராணுவத்திடம் பிடிபட்டு ஒரு வருடம் ஆகவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் முழுமையாக வீடு திரும்பவில்லை. எதிரே நின்ற தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் கையில் ஆயுதம் இருந்தது; அவர்கள் அதைக் கையளித்தது 2009 மார்ச்சில்தான். அந்தச் சூழலில் வேட்பாளராக ஒரு பெயரை எழுதிக் கொடுப்பது என்றால் அந்த வீட்டின் படலையில் ஒரு குறி வைப்பதற்குச் சமம். வடக்கையும் கிழக்கையும் பிரித்த தேர்தலை ஏற்க மாட்டோம் என்ற கொள்கைக் காரணமும் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும் தோழர்களே: நாங்கள் களத்தில் இல்லாததால் களம் வெறுமையாக இருக்கவில்லை. வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். பாலமும் தாரும் நியமனமும் அவர்கள் கையால் போயின. புறக்கணிப்பு என்று கொழும்பில் அறிக்கை விட்டோம். ஆனால் அந்த ஆச்சிக்கு முதல் நாள் போய்ச் சொல்லக்கூட ஒரு ஆள் அனுப்பவில்லை. அவர் சீட்டில் தேடிக்கொண்டு நின்றார்.

2012இல் கூட்டமைப்பு நின்றது. என்ன நடந்தது? 37இல் 11. மட்டக்களப்பு மாவட்டத்தின் 11 ஆசனத்தில் 6. அதே வாவி, அதே மக்கள், அதே பள்ளிக்கூடங்கள். நாலு வருடத்துக்கு முதல் இல்லாத வாக்குகள் வானத்தில் இருந்தா விழுந்தன?

தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கமரூன் என்று மத்திய ஆபிரிக்காவில் ஒரு நாடு. 1982இலிருந்து பவுல் பியா என்ற ஒரே ஜனாதிபதி. 1996இல் அரசியலமைப்பைத் திருத்தி, பிராந்திய சபைகள் தருவோம் என்று எழுதினார்கள். எழுதிய சபைக்குத் தேர்தல் வந்தது 2020 டிசெம்பர் 6ஆம் திகதி. இருபத்துநாலு வருடம்! அதுவும் மக்கள் வாக்களிக்கவில்லை. நகரசபை உறுப்பினர்களும் பாரம்பரியத் தலைவர்களும்தான் வாக்காளர். பிரதான எதிர்க்கட்சியான மோரிஸ் காம்டோவின் கட்சி அதே வருடம் பெப்ரவரியில் நகரசபைத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது. எனவே டிசெம்பரில் வாக்களிக்க அவர்களிடம் ஒரு நகரசபை உறுப்பினரும் இல்லை. அந்தத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். ஆளும் கட்சி பத்துப் பிராந்தியத்தில் ஒன்பதை எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் பேசும் இரண்டு மேற்குப் பிராந்தியங்களில் வருடக்கணக்காக யுத்தம் நடக்கிறது. அந்த யுத்தத்துக்கு மருந்து என்று சொல்லித்தான் இந்தச் சபையைக் கொடுத்தார்கள். கேட்கும்போது எங்கேயோ கேட்ட கதை போல இல்லையா?

அவர்களுடைய பெப்ரவரிதான் எனக்குத் தூக்கம் தராத விடயம். இன்று ஒன்றை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு வருகிற தேர்தலிலும் காலூன்ற இடம் இருக்காது.

ஆகவே, தேர்தலை மட்டும் கேட்பது போதாது. எப்படிப்பட்ட தேர்தல் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். இங்கே எனக்கும் சில தோழர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். "எல்லாத் தமிழ்க் கட்சியும் ஒரே பட்டியலில் வந்தால் வாக்குச் சிதறாது, அதைத்தான் மக்களிடம் கேட்கவேண்டும்" என்கிறார்கள். ஐக்கியம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் எங்களுடைய கிராமங்களை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். சீட்டில் இருபது சின்னம் இருக்கும். ஊருக்குள் ஒன்றுதான் இருக்கும். தமிழ் ஊரில் ஒரு சின்னம், முஸ்லிம் ஊரில் ஒன்று அல்லது இரண்டு, சிங்கள ஊரில் ஒன்று. கோயில் திருவிழாவில் ஒருவர் மேடையேறிச் சொன்னால் அந்த ஊரின் தேர்தல் அன்றோடு முடிந்தது. வேட்பாளர் தன் சொந்த ஊர்க்காரரிடம்கூட வாக்குக் கேட்டு வருவதில்லை. வராதவர் வென்ற பிறகு ஏன் வரப்போகிறார்? துப்பாக்கியால் மட்டுமா போட்டி குறைகிறது? பழக்கத்தாலும் பயத்தாலும் "நம்ம ஆள்" என்ற ஒற்றைச் சொல்லாலும் குறைகிறது. ஐக்கியம் என்றால் கொழும்பிடம் கேட்பதில் ஐக்கியம். ஊருக்குள் யார் சிறந்தவர் என்று தேடுவதில் எத்தனை பேர் நின்றாலும் நல்லதுதான்.

இந்த மாகாணத்தில் மூன்று சமூகத்தில் எதுவும் பாதியைத் தொடவில்லை. அது கடவுள் தந்த கணக்கு. யாரும் தனியாக ஆள முடியாது. 2012இல் முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரசுக்கே விட்டுத்தரத் தயார் என்று கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா சொன்னார். அவர்கள் அரசாங்கத்தோடு போனார்கள். 2015இல்தான் இரு தரப்பும் ஒரு மேசைக்கு வந்தன. முஸ்லிம் காங்கிரசின் நசீர் அகமட் முதலமைச்சர், கல்வியும் விவசாயமும் கூட்டமைப்பின் அமைச்சர்களிடம். இரண்டரை வருடம் அந்தச் சபை நடந்தது. குறைகள் இருந்தன, ஆனால் தமிழரும் முஸ்லிமும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்து ஒரே வரவுசெலவுக்குக் கை உயர்த்தினார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் சத்துருக்கொண்டானிலும் 1990இல் விழுந்த இரத்தத்தை நினைத்தால், அந்த இரண்டரை வருடத்தின் பெறுமதி தெரியும். அது காலாவதியான நாளில் இருந்து நாங்கள் பேசிக்கொள்ள ஒரு இடம் இல்லை. ஒரு காணிப் பிரச்சினை வந்தால் முகநூலில் ஏசிக்கொள்கிறோம்.

முஸ்லிம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையை நீங்கள் எதிர்த்தீர்கள். அந்த அச்சம் நியாயமானது. சிதறி வாழும் மக்களைத் தொகுதிக்குள் கரைத்துவிடும் முறை அது. அதனால்தான் சொல்கிறோம்: பழைய விகிதாசார முறை. ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் காத்தான்குடியிலும் இதே கோரிக்கையை இதே வசனத்தில் எழுதிக் கையெழுத்து எடுங்கள். கொழும்புக்கு இரண்டு மனு போனால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பெண் தோழர்களுக்கும் ஒன்று. உள்ளூராட்சியில் 25 வீதம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிரதேச சபைக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஊர் கண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பழைய முறைக்குத் திரும்பும் சட்டமூலத்திலேயே பெண்களுக்கான ஒதுக்கீட்டையும் எழுதச் சொல்லவேண்டும். பிறகு பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரை மேடையில் இருந்து இறக்குங்கள்.

"நாங்கள் கேட்டால் நடக்குமா?" என்பீர்கள். 2023 மார்ச்சில் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார்கள். 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. கேட்டதால் நடந்தது. 2024 நவம்பரில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டத்தில் 21ஐ ஒரே கட்சி வாரிக்கொண்டபோது, வேறுபடி வாக்களித்த ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இந்த மக்களுக்கு வாக்கு என்றால் என்னவென்று தெரியும். தெரிந்தவர்களிடம் போய்த்தான் கேட்கப் போகிறோம்.

வேலையைச் சொல்கிறேன்.

கோரிக்கை மூன்று வரிதான். பழைய முறையில் தேர்தலை நடத்த உடனே சட்டத்தைத் திருத்து. அந்தத் திருத்தத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கு. திகதியை வர்த்தமானியில் அறிவி. இதற்கு மேலே ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். எந்தக் கட்சியின் பெயரும் வேண்டாம், தலைவர் படமும் வேண்டாம். வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்து எடுக்க வேண்டும். கையெழுத்து வைக்கத் தெரியாதவர் பெருவிரல் வைக்கட்டும். சந்தியில் மேசை போட்டு எடுக்காதீர்கள். மேசைக்கு வருகிறவர் ஏற்கெனவே எங்கள் ஆள். வராதவரின் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

போகும்போது வாக்காளர் இடாப்பையும் பாருங்கள். பதினெட்டு வயது முடிந்த எத்தனை பிள்ளைகளின் பெயர் விடுபட்டிருக்கிறது, வெளிநாட்டில் வேலைக்குப் போன எத்தனை பெண்களின் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று கொப்பியில் குறியுங்கள். கிராம சேவையாளரிடம் அந்தப் பட்டியலோடு போங்கள். தேர்தல் அறிவித்த பிறகு இதைத் தேடினால் காலம் பிந்திவிடும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஊரிலும் "நீங்கள் நிற்பீர்களா?" என்று ஒருவரிடமாவது கேட்டு வாருங்கள். மாதர் சங்கத் தலைவியிடம், வாவியில் வலை வீசுகிறவரிடம், ஓய்வுபெற்ற அதிபரிடம், பட்டிக்காரரிடம். சிரிப்பார்கள், "எனக்கு என்ன தெரியும் கா" என்பார்கள். பரவாயில்லை, பெயரை எழுதிக்கொள்ளுங்கள். தேர்தல் திடீரென்று வந்தால் வேட்புமனுவுக்குக் கிடைப்பது சில நாள்கள்தான். அந்தச் சில நாளில் ஆள் இல்லாமல் போனால், பணமும் வாகனமும் உள்ளவர்தான் பட்டியலில் இருப்பார். அப்போது மறுபடியும் யாரோ ஒரு ஆச்சி சீட்டை மேலிருந்து கீழ் வரை தேடிக்கொண்டு நிற்பார்.

முதல் நடை படுவான்கரைக்கு. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குறுமண்வெளித் துறையடிக்கு வந்து சேருங்கள். வாவியைக் கடக்கும் மிதவைப் படகான பாதையில், அன்றைய முதல் பாதையில், மண்டூருக்குப் போகிறோம். அங்கிருந்து இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து வெல்லாவெளிப் பக்கத்தை முடித்துக்கொண்டு, பின்னேரம் கொக்கட்டிச்சோலை வழியாக மண்முனைப் பாலத்தால் திரும்புவோம். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். கொப்பியும் இரண்டு பேனையும் மை அட்டையும் கொண்டு வாருங்கள். மழை வந்தால் தாளை மூடப் பொலித்தீன் உறை. சோறு கட்டிக்கொண்டு வாருங்கள், யார் வீட்டிலும் சாப்பாடு கேட்க வேண்டாம். கொடுத்தால் மறுக்கவும் வேண்டாம். பாதை ஆறே காலுக்குப் புறப்பட்டுவிடும். பிந்தி வருகிறவர்களுக்காக அது காத்து நிற்காது.